இரட்டை முனை ரேசர்: வாங்கும் முன்பும் வாங்கிய பிறகும்

கார்ட்ரிட்ஜ் ரேசரை விட்டுவிட்டு, இரட்டை முனை பிளேடு போடும் சேஃப்டி ரேசருக்கு மாறுகிறவர்கள் முதல் வாரமே கழுத்தில் கோடு கோடாகக் கீறல் வாங்கிக்கொண்டு, "தாத்தா காலத்துச் சாமான், நமக்குச் சரிப்படாது" என்று பழையதற்கே திரும்பிவிடுவது வழக்கம். பழியை பிளேடின் மேல் போடுவார்கள். தப்பு பெரும்பாலும் கையில் இருக்கிறது. கார்ட்ரிட்ஜின் தலை ஆடும். எப்படிப் பிடித்தாலும் கன்னத்தில் தானாகப் படிந்து, கோணத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். அதனால் கை அழுத்தப் பழகிவிடுகிறது. சேஃப்டி ரேசரின் தலை அசையாது. கோணம் பிடிப்பவர் பொறுப்பு. அழுத்தினால் பிளேடு முடியோடு நிற்காது, தோலையும் சேர்த்துச் சீவும். எந்த ரேசர் வாங்குவது, எப்படிப் பிடிப்பது எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருகிறது.

தலையைக் கழற்றினால் மூன்றே பாகம். மேலே வளைந்த மூடி, கீழே அடித்தட்டு, இரண்டையும் மரையால் இறுக்கும் கைப்பிடி. நடுவில் பிளேடு. பிளேடின் தடிமன் 0.1 மி.மீ. தான், விரலிலேயே வளையும். மூடிக்கும் தட்டுக்கும் நடுவே இறுக்கும்போதுதான் வளைந்து விறைக்கிறது. சரியாக விறைக்காத பிளேடு முடியில் பட்டதும் அதிரும். "இழுக்கிறது" என்று நாம் சொல்வது பல நேரம் இந்த அதிர்வைத்தான். தேய்ந்தால் தூக்கிப்போடக்கூடிய மெல்லிய தகடு என்ற யோசனை கிங் கேம்ப் ஜில்லெட்டுடையது. அவ்வளவு மெல்லிய எஃகை வளையாமல் பதப்படுத்திக் கூர் தீட்ட வழி கண்டவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். விற்பனை தொடங்கிய 1903-ல் போனது 51 ரேசரும் 168 பிளேடும். அமெரிக்கக் காப்புரிமை 1904-ல் கிடைத்தது. இன்று வாங்கும் மூன்று பாக ரேசரும் அடிப்படையில் அதே சாமான்தான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. பிளேடு விளிம்புக்கும் அதன் கீழே இருக்கும் பாருக்கும் (அடித்தட்டின் ஓரத்தில், தோலில் படும் பட்டை) நடுவே உள்ள இடைவெளி ஒன்று. மூடியையும் பாரையும் தொட்டுக் கோடு போட்டால் அதற்கு வெளியே விளிம்பு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் குறைவாக இருந்தால் அது சாது. கோணம் கொஞ்சம் பிசகினாலும் மன்னித்துவிடும். கூடுதலாக இருந்தால் நாலைந்து நாள் தாடியையும் ஒரே இழுப்பில் எடுக்கும், பிசகினால் ரத்தமும் எடுக்கும். தினமும் ஷேவ் செய்கிறவருக்கு சாதுவே போதும். மெர்க்கூர் 34சி, முலே ஆர்89, எட்வின் ஜாகர் டிஇ89 மூன்றும் இந்த வகை. பின்னிரண்டுக்கும் தலை வடிவம் ஒன்றே என்பதால், கைப்பிடி பிடித்ததை வாங்கினால் போதும். அதே முலேயின் ஆர்41 நேர் எதிர். பெயர் ஒன்றுபோல் இருக்கிறதே என்று அதை எடுத்துவிட்டு அழுபவர்கள் உண்டு. பாருக்குப் பதில் சீப்புப் பல் வைத்த தலைகள் நீண்ட முடிக்கும் கெட்டி நுரைக்கும் வசதி. தினசரி ஷேவுக்கு அவை கட்டாயமில்லை.

கைப்பிடியைத் திருகினால் மேலே இரண்டு கதவு திறக்கும் பட்டாம்பூச்சி மாடல் பிளேடு மாற்ற சுலபம். ஆனால் கீல்களில் சோப்பும் உப்பும் சேரும், கொஞ்ச நாளில் கதவு சமமாக மூடாது, ஒரு பக்க விளிம்பு மட்டும் வெளியே தள்ளி நிற்கும். முதல் ரேசருக்கு மூன்று பாகமே நல்லது. உலோகத்தையும் கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவற்றின் தலை பெரும்பாலும் ஸமாக் என்னும் துத்தநாகக் கலவை, மேலே குரோம் பூச்சு. பூச்சு உரிந்தால் உள்ளே அரிக்கும். பாத்ரூம் தரையில் விழுந்தாலோ வெறிகொண்டு இறுக்கினாலோ மூடியின் மரைத்தண்டு முறியும். பித்தளையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் இதைத் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். எடை 70 முதல் 100 கிராமுக்குள் இருந்தால் கைக்கு அடங்கும். ரொம்ப லேசான பிளாஸ்டிக் ரேசரில் எடை இல்லாததால் கை தானாக அழுத்தத் தொடங்கும்.

பிளேடு தனிக் கதை. ஒரே பிளேடு ஒருவருக்கு வெண்ணெய், இன்னொருவருக்கு ரம்பம். ஜப்பானின் ஃபெதர் மிகவும் கூர்மை என்று பெயர் வாங்கியது; கை பழகாதவர் அதில் தொடங்க வேண்டாம். டோபாஸ், செவன் ஓ கிளாக், சூப்பர்மேக்ஸ், வில்கின்சன் மாதிரியானவை அண்ணாச்சி கடையிலேயே கிடைக்கும், ஒரு டீ விலைக்கு இரண்டு மூன்று வாங்கிவிடலாம். ஒவ்வொன்றிலும் ஐந்து பிளேடு பாக்கெட் ஒன்று வாங்கி, ரேசரையும் கிரீமையும் மாற்றாமல் பிளேடை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எரிச்சல் எதனால் என்று கடைசிவரை தெரியாது.

பிளேடு போடும்போது கை ஈரம் துடைத்திருக்கட்டும். மூடியைக் கவிழ்த்து வைத்து, அதன் முளைகளில் பிளேடை உட்கார்த்தி, மேலே அடித்தட்டு. தட்டின் பார் உள்ள பக்கம் பிளேடைப் பார்க்க வேண்டும். தலைகீழாக வைத்தாலும் திருகு ஏறத்தான் செய்யும். பிளேடு வளையாமல் தட்டையாக நிற்கும், அதோடு முகத்துக்குப் போனால் வம்பு. இறுக்கும்போது பிளேடின் கூர் இல்லாத குட்டைப் பக்கங்களை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். முடித்ததும் ரேசரை நேராகக் கண்ணுக்கு முன் பிடித்து இரண்டு பக்கமும் விளிம்பு ஒரே அளவு தெரிகிறதா பாருங்கள். ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் அரைத் திருகு தளர்த்தி, பிளேடைச் சரிசெய்து, மறுபடி இறுக்குங்கள். ஒரே நாளில் ஒரு கன்னம் வழுவழுப்பாகவும் மறு கன்னம் எரிச்சலாகவும் இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

இனி தண்ணீர். காய்ந்த முடி செம்புக் கம்பி போல் எதிர்க்கும். இரண்டு மூன்று நிமிடம் வெந்நீரில் ஊறினால் தளர்ந்துவிடும். குளித்த கையோடு ஷேவ் செய்வதே சிக்கனமான வழி. பன்றிமுடி பிரஷ் என்றால் குளிக்கப் போகும்போதே டம்ளரில் ஊறப்போடுங்கள். சிந்தெடிக் பிரஷை நனைத்தால் போதும். கிரீம் ஒரு கொண்டைக்கடலை அளவு. பிரஷை உதறி, கிரீமைக் கிண்ணத்திலோ கன்னத்திலோ சுழற்றத் தொடங்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நாலைந்து சொட்டுத் தண்ணீர். முதலில் பிசின் மாதிரி ஒட்டும், பிறகு பளபளப்பு வரும். கெட்டித் தயிர் பதத்தில், குமிழ் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் சரி. பெரிய குமிழாகப் பொங்கி நின்றால் காற்றும் தண்ணீரும் கூடிவிட்டன. கன்னத்தில் பூசிய ஒரு நிமிடத்தில் காய்ந்து வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. ரேசரை வழுக்க வைப்பது ஈரம்தான். பஞ்சுமிட்டாய் போல் உப்பிய நுரை பார்க்க அழகு, வேலைக்கு ஆகாது.

போர் தண்ணீர் வரும் வீட்டில் எத்தனை நல்ல சோப்பும் சொதப்பும். அதில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும், நுரை எழும்பாது. எழும்பினாலும் நிற்காது. கிரீமைக் கூட்டிப் போடுவது பாதிப் பலன்தான் தரும். கேன் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ அரை டம்ளர் எடுத்து நுரைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். முகம் கழுவ போர் தண்ணீரே போதும். கிரீம் சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

கோணம் கண்டுபிடிக்க ஒரு வழி. ரேசரின் மூடி மட்டும் கன்னத்தில் படும்படி, கைப்பிடி முகத்துக்கு நேர் குத்தாக வெளியே நிற்க வையுங்கள். இந்த நிலையில் இழுத்தால் எதுவும் வெட்டாது. கைப்பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே இழுங்கள். ஒரு இடத்தில் சரசரவென்று முடி அறுபடும் சத்தம் கேட்கும். பிளேடுக்கும் தோலுக்கும் சுமார் 30 டிகிரி இருக்கும் இடம் அது, அங்கேயே நிறுத்துங்கள். மேலும் இறக்கினால் பிளேடு தோலைச் சுரண்டும், சத்தமும் மாறும். ஃபேனை நிறுத்திவிட்டு, குழாயை மூடிவிட்டு ஷேவ் செய்தால் பாதிப் பாடம் காது சொல்லிக்கொடுக்கும்.

கைப்பிடியின் கடைசியில், பென்சிலை நுனியில் பிடிப்பது போல் விரல் நுனியால் பிடியுங்கள். தலைக்குப் பக்கத்தில் பிடித்தால் அழுத்தாமல் இருக்க முடியாது. இழுப்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர், அவ்வளவே. மறு கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள். விரல் வழுக்கினால் படிகாரத்தை ஒருமுறை தொட்டுக்கொண்டால் பிடி கிடைக்கும். நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை ரேசரைத் திருப்பி அடுத்த விளிம்பைப் பயன்படுத்தி, பிறகு அலசுங்கள்.

முதல் சுற்று முடி படிந்திருக்கும் திசையிலேயே. கன்னத்தில் இது கீழ்நோக்கித்தான் இருக்கும். கழுத்தில் அப்படி இல்லை. பலருக்குத் தாடைக்குக் கீழே பக்கவாட்டில் படியும், சிலருக்குக் குரல்வளைப் பக்கத்தில் சுழி போடும், மேல்நோக்கி வளர்வதும் உண்டு. ஒருநாள் ஷேவ் செய்யாமல் விட்டு, விரலால் நாலு பக்கமும் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று போகும் பக்கம்தான் முடியின் திசை. கழுத்து எரிச்சலில் பெரும்பங்கு, எல்லா இடத்திலும் மேலிருந்து கீழே இழுக்கும் பழக்கத்தால் வருவது. இரண்டாவது சுற்று மறுபடி நுரை பூசி, குறுக்கே. தினமும் ஆபீஸ் போகிறவருக்கு இத்தோடு போதும். எதிர்த்திசையில் மூன்றாவது சுற்று கல்யாண வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சுருட்டை முடிக்காரர்கள் அதையும் தவிர்த்தால் நல்லது. தோல் மட்டத்துக்கும் கீழே வெட்டுப்பட்ட முடி வளைந்து உள்ளேயே முளைத்து, சிவந்த பருவாகக் கிளம்பும். 1971-ல் இரண்டு பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்ததிலிருந்து விளம்பரப்படுத்தப்படும் சங்கதியே, முதல் பிளேடு முடியை இழுக்க அடுத்தது இன்னும் கீழே வெட்டும் என்பதுதான். அந்தப் பருக்களுக்காகவே ஒற்றை பிளேடுக்கு வருகிறவர்கள் உண்டு.

மீசை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்த ரேசரின் தலை அகலம், நுரைக்குள் மீசைக்கோடு மறைந்துவிடும், ஒரு இழுப்பில் ஒரு பக்கம் ஏறிப்போகும். பிறகு சமப்படுத்தப் போய் இரண்டு பக்கமும் சிறுத்துக்கொண்டே வரும், எங்கே போய் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கோட்டை ஒட்டிய இடத்தில் நுரையை விரலால் வழித்துவிட்டு, மெல்லிய ஈரம் மட்டும் மிச்சம் வையுங்கள். ரேசரின் ஓரத்தை மட்டும் பயன்படுத்தி, கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக அரை சென்டிமீட்டர் இழுப்புகளாகப் போங்கள். கோட்டை நோக்கி இழுக்கவே வேண்டாம். மூக்குக்குக் கீழே மழிக்கிறவர்கள் மூக்கு நுனியை மேலே தூக்கிக்கொண்டால் தலை உள்ளே போகும். குரல்வளை மேட்டில் எச்சில் விழுங்கினாலோ, தோலைப் பக்கவாட்டில் இழுத்தாலோ சமதளம் கிடைக்கும்.

முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், பிறகு ஈரமான படிகாரக் கல்லை முகம் முழுக்க ஒரு தடவை. அரை நிமிடம் விட்டுக் கழுவுங்கள். சலூனில் தேய்க்கும் அதே கல்தான். சிறு கீறலில் ரத்தத்தை நிறுத்தும், கூடவே எங்கே அழுத்தினீர்கள் என்று காட்டிக்கொடுக்கும்: எரியும் இடம்தான் அது.

ஒரு பிளேடு மூன்றிலிருந்து ஐந்து ஷேவ் வரும். எண்ணிக்கையைவிட இழுக்கத் தொடங்குகிறதா என்பதே கணக்கு. 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே பிளேடால் முடியை வெட்டிப் பார்த்தார்கள். எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடி, விளிம்பில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்துவிடுகிறது என்று தெரிந்தது. விளிம்பைத் துண்டால் துடைப்பது இந்தச் சேதத்தைக் கூட்டுவதோடு விரலையும் பதம் பார்க்கும். ஷேவ் முடிந்ததும் கைப்பிடியை அரைத் திருகு தளர்த்தி, ஓடும் தண்ணீரில் அலசி, உதறி, நிறுத்தி வைத்தால் போதும். வாரம் ஒருமுறை கழற்றி, பழைய டூத்பிரஷால் மரையைத் தேய்த்துவிடுங்கள். உப்புப் படிவம் கட்டியிருந்தால் தண்ணீர் கலந்த வினிகரில் சில நிமிடம் போதும். பூச்சு உள்ளதை ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டாம்.

தேய்ந்த பிளேடைக் குப்பைக் கூடையில் அப்படியே போடாதீர்கள்; பையைப் பிரிப்பவர் கை அறுபடும். மூடி உள்ள சின்ன டின் ஒன்றில் பிளேடு நுழையும் அளவு கீறி, மூடியை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். நிரம்பியதும் கீறலையும் டேப்பால் அடைத்து, மேலே "பிளேடு" என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். தினமும் ஷேவ் செய்தாலும் ஒரு டின் பல வருடம் வரும்.