நோர்த்ஃபோர்க் படத்துக்கு நான் இரண்டு தடவை எழுதிய விடை

சினிமாக் கற்கை டிப்ளோமாவில் படப் பகுப்பாய்வு வினாத்தாளைத் தமிழில் எழுதப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழும்பில் தங்கிப் படித்த காலத்தில் என்னை உண்மையாகவே பயங்காட்டியது இந்த ஒரு வினாத்தாள்தான். முதல் தடவை அதில் தவறினேன், அடுத்த வருடம் நல்ல புள்ளியோடு தேறினேன். இரண்டு தடவையும் எடுத்துக்கொண்ட படம் ஒன்றேதான். எழுதிய விதத்தைத்தான் மாற்றினேன்.

படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோர்த்ஃபோர்க் 2003இல் வந்த அமெரிக்கப் படம். மார்க் போலிஷ், மைக்கேல் போலிஷ் என்ற இரட்டைச் சகோதரர்கள் எழுத, மைக்கேல் இயக்கினார். கதை 1955இல் மொன்டானா மாநிலத்தில் நடக்கிறது. அணை வந்துவிட்டது, ஊர் தண்ணீருக்குள் போகப்போகிறது. கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்ட ஆறு பேர் கறுப்பு ஃபோர்ட் கார்களில் திரிந்து, இன்னும் கிளம்பாமல் இருப்பவர்களைக் கிளப்பப் பார்க்கிறார்கள். வேலையை முடித்தால் அவர்களுக்கு ஏரிக்கரையில் காணி கிடைக்கும். இன்னொரு பக்கம் இர்வின் என்ற சிறுவன் நோயில் கிடக்கிறான், வளர்ப்பதற்கென்று கூட்டிப்போனவர்களே அவனைப் பாதிரியாரிடம் திருப்பி விட்டுவிட்டார்கள். அந்தக் கிடையில் அவன் விசித்திரமான நாலு பேரைச் சந்தித்து, நானும் ஒரு தேவதூதன்தான், என் சிறகுகளை வெட்டிவிட்டார்கள் என்கிறான். நிஜமா கனவா என்று படம் அடித்துச் சொல்லாது.

முதல் தடவை நான் என்ன செய்தேன் என்றால், படத்துக்கு ஓர் அகராதி எழுதினேன். சிறகு என்றால் மரணம், பேழை மாதிரிக் கட்டிய வீடு என்றால் பைபிளின் வெள்ளக் கதையில் வரும் நோவா, சவப்பெட்டி என்றால் கடந்தகாலம், இப்படியே பக்கம் பக்கமாக. எழுதி முடித்தபோது திருப்தியாகக்கூட இருந்தது. பெறுபேறு வந்த பிறகு ஒரு விரிவுரையாளரிடம் போய்க் கேட்டேன். "தம்பி, நீங்கள் எழுதியதைப் படமே பார்க்காத ஒருவரும் எழுதலாமே" என்றார். அன்றைக்கு வெள்ளவத்தை அறைக்குத் திரும்பும்போது 100ஆம் இலக்கப் பஸ்ஸில் அந்த வசனம்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னது சரி. நான் படத்தைப் பார்த்தேன், பார்த்ததை எழுதவில்லை.

அப்புறம் ஒரு கொப்பி வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிந்தது, காதில் விழுந்தது மட்டும். வலப்பக்கம் வெறுமை, அதை மறுநாள்தான் தொட வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன், பிறகு சத்தத்தோடு. விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் பொது நூலகத்தில் உட்கார்ந்து வலப்பக்கத்தை நிரப்புவேன்.

ஓர் உதாரணம். பாதிரியார் பிரசங்கம் செய்யும் காட்சிக்கு இடப்பக்கத்தில் எழுதியது: "அவருக்குப் பின்னால் தேவாலயச் சுவர் இல்லை. வெட்டவெளியும் மலையும் தெரிகின்றன." அவ்வளவுதான். மறுநாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் புரிந்தது, அங்கே உட்கார்ந்திருக்கும் சனம் பிரசங்கத்தைக் கேட்கும் அதே நேரத்தில், தாங்கள் விட்டுப்போகப்போகும் நிலத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அகராதியில் தேடினால் இது கிடைத்திருக்காது. நிறமும் அப்படித்தான். ஒளிப்பதிவாளர் எம். டேவிட் மல்லன் வண்ணத்தில்தான் எடுத்தார், ஆனால் உடுப்பு, சுவர், சாமான் எல்லாவற்றையும் சாம்பலும் கறுப்புமாகத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள். ஊர் இன்னும் மூழ்கவில்லை, அதற்குள் ஒரு பழைய புகைப்படமாகிவிட்டது. இந்த ஒரு விஷயத்துக்கு விடைத்தாளில் ஒரு முழுப் பந்தி கொடுத்தேன்.

ஆனால் எனக்குப் படம் திறந்தது கொழும்பில் இல்லை, ஊரில். நான் மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம். மவுசாகலை நீர்த்தேக்கம் 1969இல் வந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது, நீர்மட்டம் நன்றாக இறங்கும் காலங்களில் பழைய கோயில் வெளியே தெரியும், சனம் திரண்டு போய்ப் பார்க்கும். விடுமுறைக்குப் போயிருந்தபோது அப்படியொரு வறட்சி. அம்மாயியைக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாரும் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்க, அவர் அதைத் தாண்டி, தண்ணீர் இன்னும் வற்றாத ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கம்மாவப் பொதைச்ச எடம் அங்கிட்டு. அது வெளிய வராது" என்றார்.

நோர்த்ஃபோர்க்கில் இந்த விஷயம் அப்படியே இருக்கிறது. ஊரைக் கிளப்பும் அந்த ஆறு பேரில் ஓர் அப்பாவும் மகனும் உண்டு. மகனின் அம்மாவைப் புதைத்தது அந்த ஊரில்தான், தண்ணீர் வருவதற்குள் அவளைத் தோண்டி எடுக்க வேண்டும். முதல் தடவை இதற்கு நான் கொடுத்தது ஒரே ஒரு வரி. தேவதூதர்களின் மினுக்கத்தில் அது கண்ணில் படவே இல்லை. இரண்டாம் தடவை விடையையே அங்கிருந்து தொடங்கினேன்: கோயில்மேல் படகு போகும் ஓர் ஊரில் பிறந்தவர்களுக்குக் கனவுக்கும் நிஜத்துக்கும் நடுவில் கோடு போட முடியாது, அதனால்தான் இந்தப் படமும் போடவில்லை என்று. மஸ்கெலியா பற்றி ஒரே ஒரு வசனம்தான் எழுதினேன், அதற்கு மேல் போனால் விடை சுயசரிதையாகிவிடும். கவனமாக இருங்கள்.

ஒப்பீட்டுக்கு இரண்டு படங்களைத் தயார்செய்து வைத்திருந்தேன். சீன இயக்குநர் ஜியா ஜாங்கேயின் ஸ்டில் லைஃப் 2006இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது, சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணைக்காக இடிபடும் ஃபெங்ஜியே நகரத்தில் எடுத்தது. கிட்டத்தட்ட ஆவணப்படம்போலப் போகும்போதே திடீரென்று ஒரு கட்டடம் ரொக்கெட் மாதிரி மேலே கிளம்பிப் போகும். மற்றது லெசோத்தோ நாட்டு இயக்குநர் லெமோஹாங் ஜெரமையா மொசேசேயின் 2019 படம், 'இது அடக்கமல்ல, உயிர்த்தெழுதல்' என்பது அதன் பெயரின் பொருள். அணைக்காகத் தன் ஊர்ச் சுடுகாட்டை விட மறுக்கும் 80 வயதுக் கிழவியின் கதை. மூன்று நாட்டிலும் பிரச்சினை ஒன்றே, செத்தவர்களை என்ன செய்வது? இதையும் ஒரு பந்திக்குள் முடித்துவிடுங்கள்.

இந்த மாதிரிப் படத்துக்கு எழுதும்போது, கனவையும் நிஜத்தையும் கலக்கும் சர்ரியலிசம் என்ற கலை இயக்கத்தின் வரலாறு இரண்டு வசனம் போதும். பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1924இல் அதன் அறிக்கையை வெளியிட்டார், 1929இல் இயக்குநர் புனுவெலும் ஓவியர் டாலியும் சேர்ந்து அந்த வழியில் படம் எடுத்தார்கள், சரி, நகருங்கள். கதையைத் திரும்பச் சொல்வதற்கும் நாலைந்து வரிக்கு மேல் வேண்டாம். எங்கள் வினாத்தாளில் மூன்று மணித்தியாலத்துக்கு மூன்று கேள்வி. ஒவ்வொன்றுக்கும் முதல் பத்து நிமிடம் பேனாவை விடைத்தாளில் வைக்காமல், எந்த மூன்று காட்சி என்பதை மட்டும் முடிவுசெய்தேன். மூன்றுக்கு மேல் எடுத்தால் ஒன்றிலும் நின்று பார்க்க முடியாது. சட்டகம் (frame), தொலைக்காட்சி (long shot), அண்மைக்காட்சி (close-up) என்ற கலைச்சொற்களில் 'தொலைக்காட்சி' திருத்துபவருக்கு ரீவியாகப் படும், 'தூரக்காட்சி' என்று எழுதுங்கள்.

படத்தின் தொடக்கத்தில் தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு சவப்பெட்டி மேலே வந்து மிதக்கும். யாருடையது என்று அப்போது தெரியாது. அங்கே நிறுத்தி, கொப்பியின் இடப்பக்கத்தில் முதல் வரியை எழுதுங்கள்.