காடு பருக்க மழை மட்டும் போதுமா?

வால்பாறை மலையில் உள்ள சின்னக்கல்லாறில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. மலை இறங்கிக் கோயம்புத்தூர் வந்தால் 600, 700 தான். அதற்காகச் சின்னக்கல்லாறில் மரம் நான்கைந்து மடங்கு வேகமாகப் பருப்பதில்லை. எது பற்றாக்குறையோ அதுதான் வளர்ச்சியைப் பிடித்து வைக்கும். அது இடத்துக்கு இடம், காட்டின் வயசுக்கு வயசு மாறும்.

வால்பாறைப் பக்கம் ஆடியில் தண்ணீருக்குக் குறைவில்லை, வெயில்தான் இல்லை. அதனால் அங்கே பல மரங்கள் தை, மாசி வெயிலில் துளிர்க்கின்றன. ஆழத்து ஈரம் அதுவரை கைகொடுக்கிறது. அடர்ந்த காட்டுக்குள் தரையைத் தொடுவது நூற்றில் ஓரிரு பங்கு வெளிச்சம்தான். பெரிய மரம் ஒன்று சாய்ந்து வானம் தெரியும்வரை, கீழே உள்ள கன்று முழங்கால் உயரத்திலேயே வருஷக்கணக்கில் நிற்கும்.

சத்தியமங்கலத்தின் இலையுதிர் காடுகளில் நிலைமை வேறு. மொத்த மழையை விட அது எத்தனை மாதம் பரவிப் பெய்கிறது என்பதுதான் முக்கியம். காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் வருவதற்குள் மழையை இழந்துவிடும். காய்ந்த காற்று உறிஞ்ச உறிஞ்ச, மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. மூடினால் கரியமில வாயு உள்ளே போகாது, மண்ணில் ஈரம் இருந்தாலும் வளர்ச்சி தேங்கும்.

அடுத்தது மண். மலையின் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) வேருக்கு எட்டாமல் பிடித்துக்கொள்கின்றன. சமவெளியில் சுண்ணாம்பு அதையே செய்கிறது. பிரேசிலின் மனாஸ் அருகே முதிர்ந்த காட்டில் மணிச்சத்து இட்டுப் பார்த்தபோது சல்லிவேரும் இலையும் கூடின, தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) அந்தப் பலன் இல்லை. இளங்காட்டில் நேர்மாறு. பனாமாவில் தரிசிலிருந்து மீளும் காடுகளைப் பற்றிய 2013 ஆய்வில், முதல் 12 வருஷத்துக்குத் தேவைப்பட்ட தழைச்சத்தில் பாதிக்கு மேல் தந்தவை வேர்முடிச்சு மரங்களே, அதாவது வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியாவால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் மரங்கள்.

ஆகவே தரிசைக் காடாக விடுகிறவர்கள் உசிலை, வாகை, வெள்வேல் போன்ற வேர்முடிச்சு மரங்களை ‘முள்ளு, பொதரு’ என்று வெட்டித் தள்ளாதீர்கள். காய் நெற்றாக இருப்பதெல்லாம் இந்த வேலையைச் செய்யாது. புளிக்கும் சரக்கொன்றைக்கும் வேர்முடிச்சு கிடையாது. சோதிக்க, ஐப்பசி மழை பிடித்து ஒரு மாதம் கழித்து, கன்றின் அருகே ஒரு சாண் தோண்டிச் சல்லிவேரைப் பாருங்கள். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பச்சையோ பழுப்போ என்றால் அது ஓய்ந்துவிட்டது. சித்திரையில் தோண்டினால் முடிச்சே கண்ணில் படாமல் போகலாம். அதை வைத்து முடிவு கட்டக் கூடாது.

வளர்ச்சியை அளப்பதில்தான் நிறையப் பேருக்குக் கணக்கு பிசகுகிறது. தரையிலிருந்து 1.37 மீட்டரில் பெயிண்ட் கோடு போட்டு, அதன்மேல் டேப் சுற்றுங்கள், சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம். அடியில் பலகைபோல் விரியும் பலகைவேர் உள்ள மரத்தில் வேர் முடியும் இடத்துக்கு மேலே அளக்க வேண்டும். மரம் மழையில் நீர் ஏறி உப்பும், பங்குனியில் சுருங்கும். கார்த்திகையில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை அளந்தால் மரம் இளைத்ததாகவே காட்டும். வருஷா வருஷம் அதே மாதம் அளங்கள். டேப்புக்குப் பதில், அளப்பதற்கென்று மரத்தைச் சுற்றி ஸ்பிரிங் வைத்த எஃகு வளையம் கட்டுவதாக இருந்தால், அது மரப்பட்டையோடு படிந்து உட்காரச் சில மாதம் ஆகும். அதுவரை வளர்ச்சியைக் குறைத்தே காட்டும் என்பதால் அந்த அளவுகளை விட்டுவிடுங்கள்.