வரம் கேட்க முடியாத குன்று

பெரியப்பா போனதிலிருந்து பெரியம்மாவுக்கு ஒரே குறை. உட்கார்ந்து அழ ஓர் இடம் இல்லை.

கடைசி வரை சாமி கும்பிடாத மனிதர் அவர். உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும் என்பதால் முதலில் கண் வங்கிக்காரர்கள் வந்தார்கள். சாயங்காலம் வண்டி வந்து உடம்பும் போய்விட்டது. சுடுகாடு இல்லை, அஸ்தி இல்லை, பதினாறாம் நாள் காரியம் இல்லை. "என் பேரைச் சொல்லி எந்தக் கோயில்லயும் அர்ச்சனை பண்ணக் கூடாது" என்று பெரியம்மாவிடம் வாக்கு வேறு வாங்கியிருந்தார்.

துக்கம் கேட்க வந்த உறவுக்காரர் ஒருவர், கிளம்பும்போது திண்ணையில் நின்றுகொண்டு, "சாமியே இல்லேன்னு வாழ்ந்துட்டுப் போயிட்டாரு. அப்படி ஒரு வாழ்க்கைக்கு என்னதான் அர்த்தம்?" என்றார். நான் திருநீறு பூசுகிறவன், பிரதோஷம் தவறாதவன். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குள்ளும் அந்தக் கேள்வி எங்கோ இருந்தது. அதுதான் பிறகு பல நாள் உறுத்தியது.

பெரியப்பாவுக்கு அப்பர் தேவாரத்தில் ஒரே ஒரு வரி மட்டும் பிடிக்கும். 'என் கடன் பணி செய்து கிடப்பதே.' எந்த வேலையைத் தொடங்கினாலும் இதைச் சொல்லிக்கொண்டேதான் தொடங்குவார். பெரியம்மா விடமாட்டார். அதற்கு முந்தைய வரியைச் சமையலறையிலிருந்து சத்தமாகச் சொல்வார்: 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்.' தாங்குகிறவனை விட்டுவிட்டுப் பணியை மட்டும் எடுத்துக்கொண்டால் எப்படி என்பது அவர் கட்சி. "அந்த வரி உனக்கு, இந்த வரி எனக்கு" என்பார் பெரியப்பா. ஒரு பாட்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு நாற்பது வருடம் குடித்தனம் நடத்தினார்கள்.

செஞ்சிக்குப் பக்கத்தில் சிறுகடம்பூரை ஒட்டி இருக்கும் திருநாதர் குன்றைப் பற்றிப் படித்திருந்தேன். சமணர்களின் இடம். அங்கே ஒரு மனிதர் உயிர் விட்ட இடத்துக்கு அடையாளமாக ஒரு கல்வெட்டு இருக்கிறது. பெரியம்மாவிடம் சொன்னேன்.

"கோயிலா?"

"கோயில் மாதிரி. ஆனா கேட்டாக் குடுக்கற சாமி அங்க கிடையாது."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப வாக்குத் தப்பினதா ஆகாது. எப்பப் போகலாம்?"

முதலில் மேல்சித்தாமூர் போனோம். தமிழ்ச் சமணர்களின் ஜினகாஞ்சி மடம் இருக்கும் ஊர். பார்சுவநாதர் கோயிலின் கோபுரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால் சிவன் கோயில் என்றுதான் தோன்றும். பெரியம்மாவும் பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மலைநாதர் கோயிலில் ஒரு பாறையிலேயே வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர், கூடவே தருமதேவி. அங்கிருந்த பெரியவர் ஒருவர் பஞ்ச நமஸ்காரத்தை மெதுவாகச் சொல்லிக் காட்டினார். அருகர்களுக்கு வணக்கம், சித்தர்களுக்கு வணக்கம், ஆசாரியர்களுக்கு, உபாத்தியாயர்களுக்கு, உலகிலுள்ள சாதுக்கள் எல்லோருக்கும் வணக்கம். அவ்வளவுதான். எந்தப் பெயரும் அதில் வராது. 'தா', 'அருள்', 'காப்பாற்று' என்று ஒரு சொல்லும் வராது. நான் தினமும் சொல்கிற சுலோகங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பாதிக்கு மேல் விண்ணப்பம்.

பெரியம்மா அவரிடம் நேராகவே கேட்டுவிட்டார். "இவங்ககிட்ட என்னங்க வேண்டிக்கணும்?"

"வேண்டிக்க ஒண்ணும் இல்லம்மா. எல்லாத்தையும் விட்டுட்டுப் போனவங்க. குடுக்கவும் மாட்டாங்க, கோவிச்சுக்கவும் மாட்டாங்க."

"அப்புறம் எதுக்குக் கும்புடறீங்க?"

"அவங்க குணம் நமக்கும் வரணும்னுதான்."

பெரியம்மா தலையாட்டிவிட்டு, தருமதேவி பக்கம் கையைக் காட்டினார். "இந்தம்மா?" பெரியவர் சிரித்துவிட்டார். "அவங்ககிட்டக் கேக்கலாம்." வெளியே வந்ததும் பெரியம்மா சொன்னார், "பாத்தியா, எந்த மதமா இருந்தாலும் கேக்கறதுக்கு ஒரு அம்மன் வேணும்டா."

அதைக் கேட்டு நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெரியவர் சொன்னது வண்டியிலும் கூடவே வந்தது. சமணத்தில் படைத்தவன் என்று யாரும் இல்லை. உலகத்துக்குத் தொடக்கம் இல்லை. வினைக்குப் பலன் தானாகவே வரும். தீர்ப்புச் சொல்ல ஒருவர் மேலே உட்கார வேண்டியதில்லை. இப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டுதான் எறும்பை மிதிக்காமல் நடந்திருக்கிறார்கள், தமிழில் காப்பியமும் நீதிநூலும் எழுதியிருக்கிறார்கள். சமணரை விடுங்கள். வேதத்தை உயிராக நினைத்து, அதன் சடங்குகளுக்குப் பொருள் சொன்ன மீமாம்சகர்களில் பெரிய பெயரான குமாரிலபட்டரே, உலகைப் படைத்த ஈசன் ஒருவன் வேண்டும் என்ற வாதத்தை மறுத்தவர். சாங்கிய தத்துவத்தின் பழைய நூலான சாங்கிய காரிகையும் ஈசனைக் கூப்பிடாமலேயே கணக்கை முடிக்கிறது. கடவுளை விட்டால் வாழ்க்கைக்குப் பொருளும் போய்விடும் என்பதை இந்த மண்ணில் எல்லோரும் ஒத்துக்கொண்டதில்லை. எனக்குத்தான் இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்று.

ஒன்றை மறைக்கக் கூடாது. பெரியப்பாவைச் சமணர் கணக்கில் சேர்க்க முடியாது. அவர்களுக்கு ஆன்மா உண்டு, மறுபிறவி உண்டு, வீடுபேறு உண்டு. பெரியப்பாவுக்கு இதில் எதுவும் கிடையாது. 'செத்தா செத்ததுதான், அதனால இருக்கும்போதே செய்' என்பதுதான் அவர் கொள்கை. அதனால் என் கேள்விக்கு இந்தக் குன்றிலிருந்து முழுப் பதில் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

செஞ்சிக்கு வருகிற கூட்டம் கோட்டைக்குத்தான் போகிறது. 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு கேட்கவே வேண்டாம். திருநாதர் குன்றில் நாங்கள் போன காலையில் நாங்கள் இருவரும் சில ஆடுகளும்தான். கடம்பூர் என்றதும் பெரியம்மா, "நம்ம பாட்டு ஊரா?" என்று ஆவலாகக் கேட்டார். அப்பர் அந்த வரியைப் பாடிய கடம்பூர் காட்டுமன்னார்கோயில் பக்கம். இது வேறு. சொன்னதும் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. அப்பரே இளமையில் தருமசேனர் என்ற பெயரோடு சமணத் துறவியாக இருந்தவர், வயிற்றில் சூலை வந்து வலி தாங்காமல் திருவதிகைக்குப் போய்ச் சிவனிடம் விழுந்தவர் என்று பெரிய புராணக் கதையைச் சொன்னேன். "வலி வந்தா கேக்காம இருக்க முடியுமா?" என்றார். அதற்கு என்ன சொல்வது.

மேலே ஒரு பெரிய பாறையில் 24 தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் வணங்கும் வழிகாட்டிகள், வரிசைக்குப் பன்னிரண்டு பேராக இரண்டு வரிசை. எல்லோரும் அமர்ந்த கோலம். சிவன் கோயில் பிராகாரத்தில் ஒவ்வொரு சந்நிதிக்கும் ஒரு முகம், ஒரு கதை, ஒரு நைவேத்தியம் என்று பழகிய கண்ணுக்கு இது முதலில் ஒட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றதும் ஒட்டியது. யாரும் நம்மைப் பார்க்கவில்லை. பார்வை எல்லாம் உள்ளே. அங்கே நின்றபோது, என் வேண்டுதல்களின் பட்டியல் தானாகவே நின்றுவிட்டது. கேட்க ஆள் இல்லை என்றதும் மனசு ஏமாந்துபோகும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. கை மட்டும் கூப்பியபடியே இருந்தது.

கல்வெட்டைக் கொஞ்சம் தேடித்தான் கண்டுபிடித்தோம். ஏறத்தாழ 6-ஆம் நூற்றாண்டு. 'ஐ' என்ற எழுத்து அதில் இருப்பதற்காகவே கல்வெட்டுக்காரர்கள் அதைக் கொண்டாடுவார்கள். பெரியம்மா குனிந்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தார்.

"இது தமிழா?"

"தமிழ்தான் பெரியம்மா. எழுத்து பழசு."

"எனக்கு ஒண்ணுகூடப் புரியலையே."

பெரியம்மா கல்யாணமாகி வரும்போது கைநாட்டு. அறிவொளி இயக்கம் வந்த காலத்தில் பெரியப்பா சாயங்காலங்களில் எழுத்துச் சொல்லிக்கொடுப்பார். யார் யாருக்குக் கையெழுத்துப் போட வந்ததோ அவர்கள் பெயரை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். முப்பத்தெட்டுப் பெயர். முதல் பெயர் பெரியம்மாவுடையது.

கைபேசியில் வைத்திருந்த பாடத்தைப் பார்த்துப் படித்துக் காட்டினேன். 'ஐம்பத்தேழன சனந் நோற்ற சந்திரநந்தி ஆசிரிகரு நிசீதிகை.' அனசனம் என்றால் உண்ணாநோன்பு. 57 நாள் நோற்று உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் இடம். இதே குன்றில் 30 நாள் நோற்ற இளைய பட்டாரர் என்பவருக்கும் கல்வெட்டு உண்டு. இப்படி உயிர் விடுவது சரியா என்று நம் காலத்திலும் வழக்கு நடந்தது; 2015-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் கூடாது என்றது, அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பெரியப்பா இருந்திருந்தால் நோன்பைப் பற்றி ஒரு பிடி பிடித்திருப்பார்.

"அவ்வளவுதானா? எந்தச் சாமி பேரும் போடலையா?"

"இல்ல."

"யாரு வெட்டி வச்சாங்கன்னு?"

"அதுவும் இல்ல. அவர் பேரு, எத்தனை நாள், இந்த இடம். அவ்வளவுதான்."

பெரியம்மா கல்லுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "உங்க பெரியப்பா இருந்தா இந்த எழுத்தையும் எனக்குச் சொல்லிக் குடுத்திருப்பாரு" என்றார். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மூன்று மாதத்தில் அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நான் கொஞ்சம் தள்ளிப் போய், ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, எப்போதும் சொல்கிற குரலிலேயே, கொஞ்சம் சத்தமாக, "தன் கடன் அடியேனையும் தாங்குதல்" என்றார். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அடுத்த வரி எனக்கு நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்லவில்லை. அது என் முறை இல்லை.

"சரி, இறங்கலாம். வெயில் ஏறுது."

இறங்கும்போது பெரியம்மாவுக்கு முழங்கால் மடங்க மறுத்தது. என் தோளைப் பிடித்தும் சரிப்படவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் பார்த்துக்கொண்டே இருந்தவன், கிட்டே வந்து தன் கம்பை நீட்டினான். "வச்சுக்குங்க ஆயா. கீழ அந்தப் பாறைல சாத்தி வச்சிட்டுப் போங்க, நான் எடுத்துக்கறேன்."

கீழே வந்ததும் பெரியம்மா கம்பைப் பாறையில் சாத்தினார். பத்தடி நடந்தவர் திரும்பிப் போனார். காற்றில் சரிந்து விழாதபடி, அடியில் ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினார்.