பம்பரமும் மே மாதப் பிறந்தநாளும்

பள்ளி மலருக்கு நினைவு எழுதச் சொன்னார்கள். தலைமையாசிரியரைப் பற்றி நிறையப் பேர் எழுதுவார்கள். நான் பம்பரத்தைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம், சென்னிமலையில் எங்களோடு படித்தவர்களுக்கு ஆள் தெரியும்.

வகுப்பில் அவன் கால் தரையில் பாவாது. சார் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைக் கத்துவான், அதுவும் பெரும்பாலும் தப்பாக. பலப்பம், டிபன் பாக்ஸ் என்று எதையாவது தொலைத்துக்கொண்டே இருப்பான். "இவன் வால ஒட்ட நறுக்கோணும்" என்று சார் பிரம்பை எடுப்பார். வீட்டுக்குப் போனால் வேறு ஆள். ராட்டை முன்னால் சம்மணம் போட்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, நெசவுக்கான நூலைக் குச்சியில் தார் சுற்றுவான். நூல் அறுந்தால் முனைகளைத் தேடிப் பிடித்து முடிச்சிட்டு மறுபடி சுற்றுவான். தறிக்குழியிலிருந்து அவன் அப்பா கை நீட்டும்போது தார் தயாராக இருக்கும்.

நான் இப்போது இருப்பது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில். என் மகளுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவோ மிகையான துறுதுறுப்போ இரண்டுமோ சேர்ந்த சிக்கல், இருக்குமோ என்று பள்ளியில் சந்தேகப்பட்டார்கள். எங்களுக்கு ஒரு கேள்வித்தாள், டீச்சருக்கு ஒன்று. நிரப்ப உட்கார்ந்தால், பாதிக் கேள்விகள் பம்பரத்தைப் பார்த்து எழுதியவை போலிருந்தன.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டிக்கொடுக்காது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேடு கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் 9 என்று இரண்டு வரிசை வைத்திருக்கிறது. ஏதாவது ஒன்றில் 6 ஆவது, 6 மாதமாவது, வயதுக்கு மீறிய அளவில் இருக்க வேண்டும். சில அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே, வீடு, பள்ளி என்று ஓரிடத்துக்கு மேல் தெரிந்திருக்க வேண்டும். அதனால் படிப்போ பழக்கவழக்கமோ கெடவும் வேண்டும். வெறும் துறுதுறு சுபாவத்துக்கு இந்தப் பெயர் வைக்க முடியாது. அதே சமயம், பிடித்த வேலையில் ஒன்றிப்போகிறான் என்பதற்காக ஏடிஎச்டி இல்லை என்றும் சொல்லிவிட முடியாதாம். ஆக, பம்பரத்தின் ராட்டையை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஆனால் 'வயதுக்கு மீறி' என்ற இடத்தில் எனக்குப் பொறி தட்டியது. நம் காலத்தில் தலைக்கு மேலே கையைச் சுற்றி எதிர்க் காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. தேதியை சாரே போட்டுக்கொள்வார், ஜூனில் 5 வயது நிறைந்திருக்கும்படி ஏதாவது ஒரு மே மாதம். "தலையச் சாய்ச்சுத் தொட்டுட்டானுங்க, சாரும் பாக்காத மாதிரி உட்டுட்டாரு" என்று பம்பரத்தின் அம்மா சொல்லிச் சிரிப்பார். அவன் மார்கழியில் பிறந்தவனாம். அப்படியானால் அப்போது நாலரை வயதுதான்! எங்களில் சிலர் ஆறைத் தாண்டியிருந்தோம். அந்த வயதில் இது சின்ன வித்தியாசமா?

எங்கள் மாகாணத்துப் பிள்ளைகள் 9 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளைப் பார்த்து 2012இல் வந்த ஆய்வு இதைத்தான் சொன்னது. இங்கே டிசம்பர் 31தான் வகுப்பு பிரிக்கும் நாள். ஜனவரியில் பிறந்த பையன்களைவிட, வகுப்பிலேயே சின்னவர்களான டிசம்பர் பையன்களுக்கு ஏடிஎச்டி என்று முடிவாவது 30 சதவீதம் அதிகம். பெண்களில் 70.

என் மகள் பிப்ரவரிக்காரி, வகுப்பில் மூத்தவர்களில் ஒருத்தி. அவளுக்கு ஏடிஎச்டி என்றே உறுதியானது. சிகிச்சை நடக்கிறது, நன்றாகவே இருக்கிறாள்.

பம்பரம் இன்று ஈரோட்டில் போர்வை வியாபாரம் செய்கிறான். போனில் இந்த ஆய்வையெல்லாம் விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே குறுக்கிட்டு, "மார்கழி இல்லடா, தை" என்றான்.