வளைவில் மாட்டிய போல்ட் ஒருவழியாகக் கழன்றது

கழன்றேவிட்டது! தன்னார்வலர்களாக நாங்கள் பராமரிக்கும் பழைய ரயில் பாதையில், வளைவு மூட்டில் அழிச்சாட்டியம் செய்துகொண்டிருந்த பிஷ்பிளேட் (இரண்டு தண்டவாள முனைகளை இணைக்கும் இரும்புப் பட்டை) போல்ட்டைத்தான் சொல்கிறேன். பிரிட்டனில் வசந்தம் என்று பெயர்தான். மத்தியானமே இருட்டிக் கிடக்க, நசநசவென்று தூறல். சீசன் தொடங்காததால் ரயில் தொல்லை இல்லை.

வெயில் வருவதற்குள் பிஷ்பிளேட்டுகளைக் கழற்றி, பழைய பிசுக்கைச் சுரண்டி, கிராபைட் கிரீஸ் தடவி மாட்டியாக வேண்டும். வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் ஏறினால் 60 அடித் தண்டவாளம் கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் நீளும். மூட்டு துருவேறி இறுகியிருந்தால் பாதை பக்கவாட்டில் நெளிந்துகொள்ளும்.

நீள ஸ்பேனரில் இரண்டு பேர் தொங்கியும் இது அசையவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்தும் பலனில்லை. டிஸ்க் கட்டரை எடுத்து அறுத்துவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. நட்டின் ஒரு முகத்தில் கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்து, நேர் எதிர் முகத்தில் இன்னொரு சுத்தியலால் தட்டினேன். ஓங்கி அடிக்கக் கூடாது. டொக் டொக்கென்று சீராக, ஒவ்வொரு முகமாகச் சுற்றி வர வேண்டும். மரையோரம் செம்பொடி உதிரத் தொடங்கியதும் ஸ்பேனரைப் போட்டு, முதலில் இறுக்கும் பக்கம் இம்மியளவு, அப்புறம் கழற்றும் பக்கம். க்ரீச்! மரை முழுசாக இருந்தது. தண்டவாளத்தின் போல்ட் துளையைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம், கீறல் எதுவும் இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு எஞ்சின் மேல்தான் கண். 1951-ல் வேல்ஸின் டாலிலின் ரயில்வேயைத் தன்னார்வலர்கள் ஏற்றபோது தண்டவாளங்களைப் புல்தான் பிடித்துவைத்திருந்தது என்பார்கள். பாதை சரியில்லாமல் எஞ்சினை வைத்து என்ன செய்வது?

பக்கத்துச் சேரில் (தண்டவாளத்தைக் கட்டையின் மேல் தாங்கும் வார்ப்பிரும்பு இருக்கை) 'எல்.எம்.எஸ். 1938' என்று, அந்தக் காலத்து லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே கம்பெனியின் வார்ப்பெழுத்து இன்னும் பளிச்சென்று இருக்கிறது. அதில் தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கச் செருகிய மர ஆப்புதான் மோசம். மழையில் ஊதி இறுகி நிற்கும், கோடையில் சுருங்கி ஜல்லியில் விழுந்து கிடக்கும். போன மூட்டையில் வந்தது முக்கால்வாசி பச்சை மரம். நன்றாகக் காய்ந்த ஓக் ஆப்பு தர வேறு ஆள் தேட வேண்டும். எஃகு ஆப்பு போட்டால் தலைவலி விட்டது என்கிறார் எங்கள் கேங் தலைவர். சரிதான், ஆனால் 1938 சேரில் அதைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

எதிர்த் தண்டவாளத்து மூட்டு இன்னும் பாக்கி. அங்கே இரண்டு போல்ட் முறைத்துக்கொண்டு நிற்கின்றன. எண்ணெய் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். நான் வருவதற்குள் யாராவது டிஸ்க் கட்டரைத் தொட்டால் அவர்களுக்கு டீ கிடையாது.