சிறை வாசலிலிருந்து மருந்துக் கடை வரை

நேற்று வெள்ளிக்கிழமை. சிறையிலிருந்து விடுதலையான ஒரு பெண்ணைக் கூட்டிவரத் தன்னார்வலராகப் போயிருந்தேன். நான் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறேன். இதே மாநிலத்தில் விடுதலையானவர்களை வைத்து 2007-இல் வெளிவந்த ஆய்வு, முதல் இரண்டு வாரத்தில் போதை அளவு மீறி இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு என்றது. உள்ளே இருந்த மாதங்களில் உடம்பு போதையைத் தாங்கும் பழக்கத்தை இழந்துவிடும், வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். அதனால்தான் "உள்ளேயே எல்லாம் விட்டுவிட்டாளே, இனி என்ன" என்று வீட்டார் நிம்மதியாகப் பேசும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அவள் புப்ரெனார்ஃபினில் இருக்கிறாள், ஹெராயின் போன்ற போதையை விடுவதற்குத் தரும் சிகிச்சை மருந்து அது. அது ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது. கையில் இருந்ததோ ஒரு பிளாஸ்டிக் பையும் மருந்துச் சீட்டும் மட்டும். முதல் கடையில் "மெடிக்கெய்ட் இன்னும் உயிர் பெறவில்லை, திங்கட்கிழமை வாருங்கள்" என்றார்கள். மெடிக்கெய்ட் என்பது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. சிறையில் இருக்கும்போது நிறுத்திவைத்த அதை யாரோ மறுபடி திறக்க வேண்டும், அது நடக்கவில்லை. திங்கள் வரை என்ன செய்வாள்? காரில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் போனில் காத்திருந்தோம், பலனில்லை. அப்புறம் இரண்டாவது கடைக்குப் போய், கைக்காசு தருகிறோம், மூன்று நாளுக்கு மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். அந்த மருந்தாளர் சீட்டு எழுதிய மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டுக் கொடுத்தார். இப்படிப் பிரித்து வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது, தயவுசெய்து கேளுங்கள்.

பழைய விலாசத்துக்கு அவள் போகவில்லை. அங்கே இருப்பவன்தான் அவளுக்கு முதன்முதலில் ஊசி போட்டவன். உறவும் வீடும் போதையும் ஒரே கதவுக்குப் பின்னால் இருக்கும்போது, மனவுறுதியோடு இரு என்று ஒரு பெண்ணிடம் சொல்வதில் என்ன பயன்? தங்க வேறு இடம் பார்த்து வைத்திருந்தோம். அங்கே அவளோடு அறையில் இருப்பவரிடம் போதை அளவு மீறி மூச்சு நிற்கும்போது அதை முறிக்கும் நார்கான் மூக்கு ஸ்ப்ரேயைக் கொடுத்து, எப்படி அடிப்பது என்று காட்டினேன். மயங்கிக் கிடப்பவள் தனக்குத்தானே அடித்துக்கொள்ள முடியாதல்லவா?

அவள் மருந்துப் படலத்தை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு, கரையும்வரை பேசாமல், என் போனில் இருந்த தன் மகளின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கள் காலை ஒன்பதரைக்குக் கிளினிக். காரை நான்தான் எடுக்கிறேன்.