டெங்கு ரிப்போர்ட்: முதலில் நாளை எண்ணுங்கள்

காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் பிள்ளையின் கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். அன்றுதான் முதலாம் நாள். அது தெரியாமல் டெங்கு ரிப்போர்ட்டை வாசிக்கவே முடியாது. நுவரெலியாக் குளிரில் டெங்கு நுளம்பு குறைவுதான். ஆனால் நுளம்பு கடித்து 4 முதல் 10 நாளில்தான் காய்ச்சல் வரும்; லீவுக்குக் கொழும்போ கண்டியோ போய் வந்த பிள்ளை என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் வரும் என்.எஸ்.1 என்பது வைரஸின் சொந்தப் புரதம். முதல் நாளிலிருந்து ஏறக்குறைய 5ஆம் நாள் வரை பிடிபடும். நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்; இரண்டாம் முறை டெங்கு வந்தவர்களில் அது அடிக்கடி தவறிப்போகும்.

ஐ.ஜி.எம் என்பது வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம். 4, 5ஆம் நாளுக்குப் பிறகே தலைகாட்டி, 2, 3 மாதம் தங்கும். ஆகவே 2ஆம் நாளில் ஐ.ஜி.எம் பொசிட்டிவ் என்றால் அது போன மாதத்துக் காய்ச்சலின் மிச்சமாகவும் இருக்கலாம். இன்னொரு எதிர்ப்புப் புரதமான ஐ.ஜி.ஜி இன்னும் குழப்பம்: கைக்குழந்தையில் அது தாயிடமிருந்து வந்ததாக இருக்கலாம், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் டெஸ்ட் கிட்டில் மங்கலான கோடு போடக்கூடும். கிட்டில் குறித்த நேரம் கடந்தபின் தோன்றும் கோடு கணக்கில் இல்லை.

என் கணக்கில், கையில் ஒரு டெஸ்டுக்குத்தான் காசு இருந்தால் எஃப்.பி.சி (முழு இரத்த அணு எண்ணிக்கை) எடுங்கள். காய்ச்சல் விடாவிட்டால் 3ஆம் நாளில் கட்டாயம், பிறகு வைத்தியர் சொல்லும்போதெல்லாம். எல்லோரும் பிளேட்லெட்டைத்தான் பார்க்கிறார்கள், பக்கத்திலுள்ள பி.சி.வியை (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) யாரும் பார்ப்பதில்லை. அது பிள்ளையின் வழமையான அளவிலிருந்து 20 சதவீதம் ஏறினால் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். இரத்தசோகையுள்ள தோட்டத்துப் பிள்ளைக்கு வழமையாக 30 இருந்து 36க்கு ஏறினாலும் ரிப்போர்ட்டில் அது 'நோர்மல்' என்றே விழும். பழைய ரிப்போர்ட் இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள்.

காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும்: கிலோவுக்கு 10–15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. புரூஃபன், டைக்ளோஃபெனக் வேண்டாம். கஞ்சி, ஜீவனி (உப்புச் சர்க்கரைக் கரைசல்), இளநீர் கொடுக்கலாம். சிவப்பு, கபில நிறப் பானம் கொடுத்தால் வாந்தியில் இரத்தம் வந்தாலும் தெரியாது.

காய்ச்சல் விட்டதும் பிள்ளை தேறிவிட்டது என்று நினைக்கும் அந்த 1, 2 நாள்தான் ஆபத்து. கை கால் சில்லிட்டால் 'மலைக்குளிர்' என்று போர்வையை இழுத்து மூடாதீர்கள். நகத்தை அழுத்தி விடுங்கள். 2 செக்கனுக்குள் சிவப்புத் திரும்பாவிட்டாலோ, 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, வயிற்றுவலியும் வாந்தியும் நிற்காவிட்டாலோ, ரிப்போர்ட் வரட்டும் என்று பார்த்திராமல் உடனே த்ரீவீலைப் பிடித்து வைத்தியசாலைக்குப் போங்கள்.